பட்டா நிலத்தில் கனிமம் தேட அரசு ஆட்கள் கேட்காமல் வரலாமா?

கேள்வி கேட்டவர் வேளச்சேரியில் இருக்கிறார், ஐ.டி. வேலை. அப்பா பெயரில் தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் ஐந்து ஏக்கர் புஞ்சை, பட்டா நிலம். போன மாதம் ஒரு ஜீப்பில் நாலு பேர் வந்து ஓடை ஓரத்திலும் வரப்பு மேட்டிலும் மண் எடுத்து, சின்னத் துணிப் பைகளில் கட்டி, நம்பர் எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்பா விசாரித்ததற்கு, "சென்ட்ரல் கவர்ன்மென்ட், எங்களுக்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்ல, அடுத்து போர் போட வருவோம்" என்று பதில் வந்திருக்கிறது. அவருடைய சந்தேகங்கள்: கேட்காமல் இப்படி உள்ளே வர அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா, மறுத்தால் என்ன ஆகும், ஏதாவது கிடைத்துவிட்டால் நிலம் போய்விடுமா. அப்பா தனியாக ஒன்று கேட்கச் சொன்னாராம்: போடுகிற துளையில் தண்ணீர் வந்தால் அதை நமக்கு விட்டுவிட்டுப் போவார்களா? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கனிம ஆய்வில் களப்பணி பார்த்துவிட்டு இப்போது பல்லாவரத்தில் ஓய்வாக இருக்கிறேன். அதாவது, அந்த ஜீப்பில் வந்த நாலு பேரில் ஒருவனாக இருந்தவன். சட்டப் பிரிவுகளைக் கற்றுக்கொண்டது விவசாயிகள் என்னை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டபோதுதான்.

சுருக்கமான பதில் இது. அவர்களுக்கு உரிமம் தேவையில்லை என்பது உண்மை. அதனால் உங்கள் சம்மதமும் தேவையில்லை என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் ஊரில் பாதிச் சண்டை நடக்கிறது. குழப்புவது பெரும்பாலும் எங்கள் ஆட்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இந்த விஷயத்தில் மூலச் சட்டம் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம். எம்.எம்.டி.ஆர். சட்டம் என்பார்கள். அதன் 4-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் யாரும் கனிமம் தேடக்கூடாது, தோண்டக்கூடாது என்கிறது. "யாரும்" என்பதில் நிலத்துக்காரரும் அடக்கம். உங்கள் அப்பாவே தன் நிலத்தில் கனிமம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு ரிக்கைக் கூப்பிட்டுத் துளை போட்டால் அது குற்றம். அதிகபட்சம் ஐந்து வருடச் சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 21-ஆம் பிரிவில் இருக்கிறது. கிணறு வெட்டுவது இதில் வராது, ஏனென்றால் எந்த நோக்கத்துக்காகச் செய்கிறோம் என்பதை வைத்துத்தான் சட்டம் கனிமத் தேடலை வரையறுக்கிறது. நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டப் போய்க் கரியாக ஏதோ வந்ததே, பழுப்பு நிலக்கரி, அதைப் போலத் தற்செயலாகக் கிடைத்தால் யாரும் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள்.

அதே 4-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஜி.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்கிற இந்தியப் புவியியல் ஆய்வு மையம், நாக்பூரில் தலைமையகம் உள்ள இந்தியச் சுரங்கப் பணியகம், ஐதராபாத்தில் இருக்கும் அணுக்கனிம இயக்ககம், மத்திய அரசின் கனிம ஆய்வுக் கம்பெனியான எம்.இ.சி.எல்., மாநிலங்களின் புவியியல் சுரங்கத் துறைகள் (நம்முடையது கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது) ஆகியவை உரிமம் வாங்காமலே கனிமம் தேடலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு மத்திய அரசு அறிவிக்கை செய்கிற தனியார் ஆய்வு நிறுவனங்களும் இந்த வரிசையில் சேரலாம். எனவே ஜீப்பில் வருகிறவர் இனிமேல் அரசு ஊழியராகத்தான் இருப்பார் என்று எண்ண வேண்டாம். அடையாள அட்டையைக் கேட்பதில் தப்பே இல்லை.

இப்போது அந்த விலக்கை நிதானமாகப் படியுங்கள். "உரிமம் இல்லாமல் தேடக்கூடாது" என்ற தடை இவர்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். அடுத்தவர் நிலத்துக்குள் போகலாம் என்று அந்த வரியில் இல்லை. லாரி ஓட்ட எனக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அரசு சொன்னால், உங்கள் வீட்டு முற்றத்தில் லாரியை ஓட்டலாம் என்று ஆகிவிடுமா? அதே மாதிரிதான்.

உள்ளே நுழையும் அதிகாரம் பற்றி அதே சட்டத்தில் தனியாக இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று 24-ஆம் பிரிவு. மத்திய அரசோ மாநில அரசோ அதிகாரம் கொடுத்த ஆள், ஒரு சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கலாம், அளக்கலாம், எடை போடலாம், கணக்குப் புத்தகத்தைக் கேட்கலாம். அங்கே சொல்லப்படுவது சுரங்கம். உங்கள் நிலம் சுரங்கம் இல்லை. கல் குவாரி நடத்துகிறவருக்குத்தான் இந்தப் பிரிவு வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று 24-ஏ. இது 1986 திருத்தத்தில் வந்தது. தேடல் உரிமமோ சுரங்கக் குத்தகையோ கையில் வைத்திருப்பவர், அதில் குறிப்பிட்ட நிலத்துக்குள் குத்தகைக் காலம் முழுக்க எந்நேரமும் நுழைந்து வேலை செய்யலாம். ஆனால் வீட்டுக்குள்ளோ, வீட்டோடு சேர்ந்த அடைப்புள்ள முற்றம், தோட்டத்துக்குள்ளோ குடியிருப்பவரின் சம்மதம் இல்லாமல் நுழைவதென்றால் ஏழு நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நிலத்தின் மேற்பரப்புக்கு ஏற்படும் நட்டத்துக்கு இழப்பீடு தர வேண்டும். எவ்வளவு என்பதை மாநில அரசு தீர்மானிக்கும். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சொல், இழப்பீடு நிலத்தில் அனுபவத்தில் இருப்பவருக்கு. பட்டா உங்கள் பெயரில் இருந்து, நிலத்தைப் பக்கத்துக்காரர் குத்தகைக்கு எடுத்து நிலக்கடலை போட்டிருந்தால், பயிர் நட்டம் அவருக்குத்தான் சேர வேண்டும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் நிலச் சொந்தக்காரர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஏழு நாள் நோட்டீஸ் வீட்டுக்கும் அதை ஒட்டிய தோட்டத்துக்கும் மட்டும். வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி இருக்கிற மானாவாரிக் காட்டுக்கு அந்தப் பாதுகாப்பு எழுதப்படவில்லை. விவசாயிக்கு வீட்டை விடக் காடுதான் பிழைப்பு என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போல.

சரி, ஜி.எஸ்.ஐ. போன்ற அமைப்பிடம் உரிமமும் இல்லை, குத்தகையும் இல்லை. அதுதான் விலக்கு பெற்றதாயிற்றே. அப்படியானால் 24-ஏ தரும் நுழைவு உரிமையும் எழுத்தின்படி அதற்கு வராது. வேடிக்கைதான், ஆனால் விஷயம் அப்படித்தான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. சட்டத்தில் நுழைவு அதிகாரம் எழுதப்படாத இடத்தில் நடைமுறையில் எப்படி வேலை நடக்கிறது என்றால், கலெக்டருக்குக் கடிதம், அங்கிருந்து தாசில்தாருக்கு, அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்கு, அப்புறம் வி.ஏ.ஓ.வோ தலையாரியோ கூட வந்து நிலத்துக்காரரிடம் பேசுவது. நான் வேலை பார்த்த காலம் முழுக்கத் துளை போடும் இடத்துக்கு நிலத்துக்காரரின் சம்மதம் வாங்காமல் ரிக்கை இறக்கியதில்லை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. ஊரோடு சண்டை போட்டுக்கொண்டு ஒரு மாதம் கூடாரம் அடித்துத் தங்க முடியாது.

மண் சாம்பிள் விஷயத்தில் நாங்கள் அவ்வளவு ஒழுங்கில்லை, உண்மையைச் சொல்கிறேன். உங்கள் அப்பா பார்த்தது பெரும்பாலும் புவிவேதியியல் வரைபட வேலையாக இருக்கும். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்று என்று ஓடை மண்ணை எடுத்துப் போய் ஆய்வகத்தில் எந்தெந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். நாடு முழுக்க நடக்கிற வேலை. உங்கள் நிலத்தைத் தனியாகக் குறிவைத்து வந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ ஓடைகளில் இறங்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு வரப்பிலும் சொந்தக்காரரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஒரு பை மண்ணால் யாருக்கும் நட்டம் இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கமும்கூட. என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிற பரங்கிமலை, பல்லாவரம் பாறையைத்தான் 1890-களில் தாமஸ் ஹாலந்து என்ற ஜி.எஸ்.ஐ. அதிகாரி ஆராய்ந்து சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறையின் மேல் இருக்கும் கல் இந்த வகைப் பாறை என்பதால் அந்தப் பெயர். உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் இருக்கிற பெயர், பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோவில் போகிறவருக்குத் தெரியாது.

அரூர் என்றதும் எனக்கு மாலிப்டினம்தான் ஞாபகம் வந்தது. அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் அது இருப்பது புவியியலாளர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். எஃகைக் கடினமாக்கச் சேர்க்கிற உலோகம். இது முக்கியம், ஏனென்றால் 2023 திருத்தம் 24 கனிமங்களை முக்கியமானவை, கேந்திர முக்கியத்துவம் உள்ளவை என்று பட்டியல் போட்டு, அவற்றை ஏலம் விடுகிற வேலையை மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்கு மாற்றியது. லித்தியம், கிராஃபைட், டங்ஸ்டனோடு மாலிப்டினமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிரானைட், சாதாரணக் கல், கிராவல் போன்ற சிறு கனிமங்கள் என்றால் மாநில அரசின் 1959-ஆம் வருட விதிகள், கலெக்டர் ஆபீஸ், கனிமவளத் துறை உதவி இயக்குநர் என்று பக்கத்திலேயே முடிந்துவிடும். மாலிப்டினம் என்றால் முடிவு டெல்லியில் எடுக்கப்படும்.

எல்லாச் சட்டமும் எம்.எம்.டி.ஆர். மாதிரி மௌனமாக இல்லை. ஒவ்வொரு சட்டமும் வேறு வேறு வாசல் வைத்திருக்கிறது. வருகிறவர் எந்தச் சட்டத்தின் காகிதத்தோடு வருகிறார் என்பதைப் பொறுத்து உங்கள் நிலைமையே மாறிவிடும். நிலக்கரிக்கு என்று 1957-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதன் 4-ஆம் பிரிவின் கீழ் "இந்தப் பகுதியில் நிலக்கரி தேடப் போகிறோம்" என்று அரசிதழில் அறிவிக்கை வந்துவிட்டால், அதிகாரியும் அவருடைய ஆட்களும் நிலத்துக்குள் வரலாம், அளக்கலாம், துளை போடலாம், எல்லைக் கல் நடலாம், தேவைப்பட்டால் பயிரையும் வேலியையும் வெட்டிவிட்டே போகலாம். இங்கேயும் வீட்டுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் ஏழு நாள் நோட்டீஸ், ஆன சேதத்துக்கு இழப்பீடு. அந்தச் சட்டத்தின் கீழ் வந்தால் "என் சம்மதம் எங்கே" என்று கேட்பது எடுபடாது. அறிவிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

அணுக்கனிமத்துக்கான சட்டம் இன்னும் சுவாரசியம். 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு, அணுசக்தி எடுக்கக்கூடிய பொருள் இருக்கிறதா என்று பார்க்க எந்த நிலத்தின் மேலும் கீழும் வேலை செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. கேட்டால் பயமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் நிலத்துக்காரருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த பிரிவு வேறு எதிலும் நான் பார்க்கவில்லை. சொந்தக்காரர், குத்தகைக்காரர், அனுபவத்தில் இருப்பவர் எல்லோருக்கும் எழுத்தில் நோட்டீஸ். என்ன வேலை, எவ்வளவு நிலம் என்று அதில் சொல்ல வேண்டும். ஆட்சேபிக்கக் குறைந்தது 28 நாள். ஆட்சேபித்தவரை நேரில் கேட்க வேண்டும். கேட்ட பிறகு போடும் உத்தரவில் நிலத்தின் பரப்பைக் கூட்டக் கூடாது. நிலத்தின் மதிப்புக் குறைந்தால் இழப்பீடு. சாதாரணக் கனிமத்துக்கு இதில் பாதியாவது எழுதியிருந்தால் உங்கள் அப்பா என்னிடம் கேட்கவே வேண்டியிருக்காது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய அணுசக்திச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்தால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்பதை முதல் வரியிலேயே பாருங்கள்.

மூன்றாவது, 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். நிலத்தை எடுக்கவே தீர்மானித்து முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகு, அதன் 12-ஆம் பிரிவின்படி வந்து அளக்கலாம், துளையும் போடலாம். ஆனால் சொந்தக்காரரோ அவர் எழுத்தில் அனுப்பிய ஆளோ இல்லாமல் செய்யக் கூடாது. வரவில்லை என்றால் 60 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். உங்களைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. இந்தப் பெயரில் ஒரு காகிதம் வந்தால் மட்டும், தாமதிக்காமல் நில வழக்குப் பார்க்கும் வக்கீலிடம் போங்கள். அது கனிமத் தேடல் கட்டத்தைத் தாண்டிய விஷயம்.

மறுத்தால் என்ன ஆகும்? எம்.எம்.டி.ஆர். விலக்கை மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவரிடம், "கடிதம் கொண்டு வாங்க, எங்க எவ்வளவு ஆழம்னு எழுதிக் கொடுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்ல உங்கள் அப்பாவுக்கு எல்லா உரிமையும் உண்டு. வாயால் சொல்லுங்கள், எழுதிக் கொடுங்கள், கலெக்டருக்கு மனுப் போடுங்கள். கையை வைக்காதீர்கள். சாம்பிள் பையைப் பிடுங்குவது, வண்டிச் சாவியை எடுப்பது, ஆட்களை ஊர் மந்தையில் உட்கார வைப்பது எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடமே நியாயம் கட்சி மாறிவிடும். அரசு ஊழியர் வேலையைத் தடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவு, கை ஓங்கினால் 132. நிலத்துக்காரரின் நல்ல கேள்வி ஒன்று வெறும் அடிதடி வழக்காக முடிந்துபோகும்.

என் சொந்த அபிப்பிராயம், மறுக்காமல் நிபந்தனை போட்டு விடுவது நல்லது. துளை போட்டதால் மட்டும் நிலத்துக்கு எதுவும் ஆகிவிடாது. ஆனால் ரிக் நிற்க ஒரு கிரவுண்டுக்குக் கிட்டத்தட்ட இடம் வேண்டும், சேற்றுத் தண்ணீர் சுழலச் சின்னக் குழிகள் வெட்டுவார்கள், தண்ணீர் டேங்கர் தினமும் வந்து போகும். மழை பெய்தால் அந்தத் தடம் முழுக்க உழவுக்கு ஆகாமல் இறுகிவிடும். கெட்டிப் பாறையில் நூறு மீட்டர் போக ஒரு வாரம், பத்து நாள். எனவே அறுவடை முடிந்து விதைப்புக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். எந்த வழியாக வண்டி வரும், எந்த மரத்தைத் தொடக்கூடாது, பயிர் இருந்தால் என்ன தருவார்கள், குழிகளை மூடி மேல்மண்ணை மேலேயே போட்டுக் கொடுப்பார்களா என்பதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. வேலைக்கு முன்னாலும் பின்னாலும் போட்டோ. ஒப்பந்தக்காரர் துளை போட்டாலும், பொறுப்பான அதிகாரியின் கையெழுத்து வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. ஒரு ஊரில் நாங்கள் இடம் காட்டிவிட்டு வந்த பிறகு, ஒப்பந்தக்காரர் ஆட்கள் சேற்றுக் குழியை மூடாமல் போய், அதில் ஒரு கிழவியின் சினை ஆடு விழுந்து செத்தது. எழுத்தில் எதுவும் இல்லாததால் அந்த அம்மா யார் யார் ஆபீசுக்கோ நடந்தார். கடைசியில் நாங்கள் ஐந்து பேர் எங்கள் பையிலிருந்து பணம் போட்டுக் கொடுத்தோம். அடுத்த முறை அந்த ஊருக்குப் போனபோது யாரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

நிலம் போய்விடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். சாம்பிளிலிருந்து சுரங்கம் வரை தூரம் அதிகம். ஆய்வை ஜி-4, ஜி-3, ஜி-2, ஜி-1 என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜி-4 மேலோட்டமாகப் பார்ப்பது, ஜி-1 விரிவான ஆய்வு. பெரும்பாலான இடங்கள் முதல் படியிலேயே உதிர்ந்துவிடும். என் சர்வீஸில் நான் நடந்த இடங்களில் சுரங்கமாக ஆனதை எண்ண ஒரு கை விரல் போதும். ஆனால் ஒரு மாற்றத்தை மறைக்கக் கூடாது: 2021-இலிருந்து ஜி-4 நிலையிலேயே, தேடலும் சுரங்கமும் சேர்ந்த கூட்டு உரிமத்தை ஏலம் விட விதி இடம் கொடுக்கிறது. அதாவது மீதி ஆய்வை ஏலம் எடுத்த கம்பெனியே செய்துகொள்ளும். முன்பு இருந்த இடைவெளி குறைந்துவிட்டது.

அதன் விளைவை மதுரை மேலூர் பக்கம் பார்த்தோம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 ஹெக்டேர், 2024 நவம்பரில் ஏலம் போனது. உள்ளே அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் 193 ஹெக்டேரும் இருந்தது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். மக்கள் கிளம்பினார்கள், டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23-இல் மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. அதற்கு முன் 2023-இல் காவிரிப் படுகையில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது சில நாட்களிலேயே எடுக்கப்பட்டன. அங்கே 2020-ஆம் வருடப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கைகொடுத்தது. அரூருக்கு அப்படி ஒரு சட்டக் கவசம் கிடையாது. அதோடு 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக்கனிமங்களுக்கும் இந்த முக்கியக் கனிமங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. முப்பது வருடம் கனிமம் தேடினவன் சொல்கிறேன், ஊர்க்காரரைக் கேட்காமல் திறக்கிற சுரங்கம் கனிமத்தை விட வழக்கைத்தான் அதிகம் வெட்டி எடுக்கும்.

இருந்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏலமும் குத்தகையும் கனிமத்துக்குத்தான். நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். குத்தகை எடுத்தவர் மேற்பரப்பைப் பயன்படுத்த உங்களுக்கு விலையோ ஆண்டு இழப்பீடோ தந்துதான் ஆக வேண்டும். விவசாய நிலமென்றால் அதே மாதிரி நிலத்தில் முந்தைய மூன்று வருடம் சாகுபடியில் கிடைத்த சராசரி நிகர வருமானத்தை வைத்து ஆண்டு இழப்பீட்டைக் கணக்கிட விதி சொல்கிறது. அதனால்தான் அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ. எழுதும் பயிர்ப் பதிவேட்டில், ஒவ்வொரு வருடமும் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள் என்று எல்லோரிடமும் நச்சரிப்பேன். "தரிசு" என்று வி.ஏ.ஓ. எழுதிவிட்டுப் போன நிலத்துக்கு நீங்கள் தக்காளிக் கணக்குச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை.

பூமிக்குக் கீழே இருப்பது யாருடையது என்று கேட்டால், எல்லாம் அரசாங்கத்துடையது என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. கேரளத்தின் மலபார்ப் பகுதி நிலங்கள் தொடர்பான வழக்கில் 2013 ஜூலையில், நிலத்துக்குக் கீழ் உள்ள கனிமம் எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று பொதுவாகச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை, சட்டம் ஒன்று பறித்திருந்தால் தவிர அது நிலத்துக்காரருடையதுதான் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் கனிமம் உங்களுடையதாகவே இருந்தாலும் உரிமம் இல்லாமல் தொட முடியாது. தமிழ்நாட்டில் உங்கள் பட்டாவின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஜமீன் நிலம் என்றால் 1948-ஆம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சுரங்கங்களையும் கனிமங்களையும் சேர்த்தே அரசுக்குக் கொண்டுவந்துவிட்டது. அரசு ஒப்படை செய்த பட்டா என்றால் நிபந்தனைத் தாளில் கனிம உரிமை அரசுக்கு என்று ஒரு வரி இருக்கலாம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் அந்தத் தாள் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

சென்னையில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி. உங்கள் ஊர்ப் பக்கம் என்ன ஆய்வு நடந்திருக்கிறது என்பதை ஜி.எஸ்.ஐ.யின் பூகோஷ் இணையதளத்தில் வரைபடமாகவே பார்க்கலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியத்திலும் இருக்கும். ஒவ்வொரு கள ஆண்டுக்கும் எந்தெந்த வேலை என்று முன்கூட்டியே திட்டம் போட்டு எண் கொடுத்திருப்பார்கள். பத்து ரூபாய் கட்டி ஒரு தகவல் உரிமை மனு: எங்கள் கிராமத்தில், இந்த சர்வே நம்பரில் நடந்த வேலையின் திட்ட எண் என்ன, எந்த நிலை ஆய்வு, துளை போடும் உத்தேசம் உண்டா. 30 நாளில் பதில் வர வேண்டும். "போர் போட வருவோம்" என்று வரப்பில் நின்று சொன்னது பேச்சுவாக்கில் சொன்னதா, திட்டத்தில் உள்ளதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கடைசியாக அப்பா கேட்டது. துளையில் தண்ணீர் வரலாம், அந்தப் பக்கத்துப் பாறைப் பிளவுகளில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பிரயோஜனப்படாது. ஆய்வுத் துளைகளில் வழக்கமான ஒரு அளவு 75.7 மில்லிமீட்டர், மூன்று அங்குலம்கூட முழுசாக இல்லை. உங்கள் ஊரில் ஆறரை அங்குலத்தில் போர் போடுகிறவர் இதைப் பார்த்தால் சிரிப்பார். மோட்டார் எப்படி இறங்கும்? வேலை முடிந்ததும் துளையை அடைத்து, மேலே சின்ன சிமெண்ட் தூண் வைத்து எண் பொறித்துவிட்டுப் போவார்கள். அந்தத் தூணைப் பிடுங்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனால் அது வரப்பு ஓரமாக வருகிற மாதிரி துளை போட முடியுமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஐந்து பத்து மீட்டர் தள்ளிப் போடுவதில் பெரும்பாலும் எங்களுக்குச் சிரமம் இருக்காது, உங்களுக்கு உழும்போது கலப்பை மாட்டாது. தண்ணீர் எத்தனாவது மீட்டரில் வந்தது என்பதை மட்டும் துளை போடும் ஆளிடம் கேட்டு அப்பா எழுதி வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆளின் குறிப்பேட்டில் அது இருக்கும், கேட்டால் சொல்வார்.